ஆணி அடித்தால் புத்தி வரும்

கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் இருப்பதிலேயே அழகான பொருள் ஒரு மேசை. பைன் பலகையும் ஆணியும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பசை இல்லை, திருகாணி இல்லை, வார்னிஷ் இல்லை. மரத்தின் முடிச்சுகள் அப்படியே தெரிகின்றன, ஆணித் தலைகள் ஒளிவுமறைவில்லாமல் மின்னுகின்றன. வரைந்தவர் என்ஸோ மாரி என்ற இத்தாலியர். அடித்தவன் நான், பெர்லினில் எங்கள் குடியிருப்பின் பின்முற்றத்தில். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அந்த மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க வைக்கிறேன். மனைவிக்கு வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும். மேசையின் அழகே அடியில்தான் இருக்கிறது!

1974-இல் மிலான் நகரத்தின் கலேரியா மிலானோவில் மாரி ஒரு கண்காட்சி வைத்தார். மேசை, நாற்காலி, பெஞ்சு, கட்டில், அலமாரி, புத்தக அடுக்கு என்று மொத்தம் 19 வடிவங்கள். எல்லாமே கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகையை நேராக அறுத்து ஆணி அடித்துச் செய்யக்கூடியவை. 'ஆட்டோப்ரோஜெத்தாட்சியோனே' என்று பேர் வைத்தார், நாமே நமக்கு வடிவமைத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்குத் தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு வரைபடங்களை அனுப்பினார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைக்காரர்களும் வியாபாரிகளும் மட்டும் கூடாது என்று நிபந்தனை. செய்து முடித்தவர்கள், முக்கியமாக வடிவத்தை மாற்றிச் செய்தவர்கள், படம் எடுத்துத் தன் பட்டறைக்கு அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இணையம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு, ஒரு தபால்தலை விலையில்!

மாரி அப்போது பெயர் தெரியாத ஆள் இல்லை. டனேஸே நிறுவனத்துக்கு அவர் 1957-இல் செய்துகொடுத்த '16 விலங்குகள்' புதிர் இன்றைக்கும் உலகப் புகழ். ஒரே பலகையில் ஓடும் அறுப்பிலிருந்து பதினாறு விலங்குகள் பிரிந்து வருகின்றன. ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், திரும்பச் சேர்த்தால் செவ்வகமாகும். 2024-இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் அவருடைய பெரிய கண்காட்சிக்குப் போயிருந்தபோது அதன் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. இவ்வளவு நுணுக்கம் தெரிந்த மனிதர், கம்யூனிஸ்டும்கூட, ஏன் போய் ஆணியையும் பலகையையும் எடுத்தார்? மக்கள் மட்டமான பொருளை வாங்குவதற்குக் காரணம் நல்லது எது என்று அவர்களுக்குத் தெரியாததுதான், உபதேசம் செய்து அதைத் தெரியவைக்க முடியாது, ஒரு தடவை கையால் செய்துபார்த்தால் தானாகத் தெரியும் என்று நினைத்தார். என் விஷயத்தில் அவர் நினைத்தது நூற்றுக்கு நூறு நடந்தது.

எப்படி என்று சொல்கிறேன். இரண்டு சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே ஓர் ஆணி அடியுங்கள். அது கடிகார முள் போலச் சுற்றும். இரண்டாவது ஆணி அடித்ததும் சுற்றுவது நின்றுவிடும். இனி நான்கு சட்டங்களைச் சேர்த்து ஒரு செவ்வகம் செய்யுங்கள். மூலைக்கு இரண்டு ஆணி அடித்திருந்தாலும் பக்கவாட்டில் தள்ளினால் நெளியும், ஆணி கொஞ்சம் கொஞ்சமாக இளகும். குறுக்கே சாய்வாக ஒரு சட்டம் அடியுங்கள்: இரண்டு முக்கோணம். இப்போது ஏறி நின்றாலும் அசையாது. மாரியின் மேசைக்கு அடியில் சாய்ந்து ஓடும் சட்டங்கள் எல்லாம் இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பள்ளிக்கூடத்தில் முக்கோணத்தைப் பற்றி எத்தனை தேற்றம் ஒப்பித்திருக்கிறேன், ஒன்றாவது இப்படிக் கையில் வந்து உட்கார்ந்ததா?

வரைபடத்தில் பலகையின் நீள அகலமும் எது எதன்மேல் உட்காரவேண்டும் என்பதும் இருக்கின்றன. ஆனால் பெட்டியில் வரும் சாமான்களோடு தருகிற குறிப்புபோல, 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. கால்களை முதலில் கட்டுவதா, மேல்பலகையைக் கவிழ்த்துப் போட்டுத் தொடங்குவதா? நான் கவிழ்த்துப் போட்டேன். அந்த மத்தியானம் மூலைமட்டமும் பென்சிலுமாக நான் இருந்த இருப்பைப் பார்த்து, எங்கள் மாடிக்காரர் பியர் புட்டியோடு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷமாக 'ஹலோ' தாண்டாத மனிதர், சட்டம் ஒரு நூல் இடப்பக்கம் போகவேண்டும் என்று என்னோடு வாதாடினார்!

என் மாமனார் தச்சு வேலை செய்தவர். காணொளியில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்ன மாப்பிள்ளை, காடி எடுக்கல, பசை போடல, வெறும் ஆணியா? பந்தலா போடுறீங்க?"

"வரைபடமே அப்படித்தான் மாமா."

"சரி, ஆணி முனையைச் சுத்தியால ஒரு தட்டு தட்டி மழுக்கிட்டு அடிங்க. பலகை வெடிக்காது. ஒரே ரேகையில அடிக்காதீங்க, முன்னப்பின்ன தள்ளி அடிங்க."

இந்த மழுக்கும் சங்கதி எவ்வளவு பெரிய விஷயம்! கூரான முனை மரநாரை ஆப்பாகப் பிளக்கிறது. மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு போகிறது. 25 மி.மீ. பலகைக்கு 45 மி.மீ. ஆணி, ஓரத்துக்கு அருகில் அடித்தும் ஒரு கீறல் விழவில்லை. மேசையை நிமிர்த்தியபின் மறுபடி கூப்பிட்டேன். கேமராவை அடியில் கொண்டுபோகச் சொன்னார். சாய்வுச் சட்டங்களை ரொம்ப நேரம் பார்த்தவர், "வரைஞ்சவர் ஆசாரியா?" என்று கேட்டார். மாரிக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

எல்லோரும் இப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லமுடியாது. மாரிக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. பெரும்பாலோர் அந்த வடிவங்களை நாட்டுப்புற அலங்காரமாக, விடுமுறை வீட்டுக்குப் பொருத்தமான பாணியாகத்தான் பார்த்தார்கள் என்று அவருக்குக் குறை. 2002-இல் கொர்ராயினி பதிப்பகம் வரைபடங்களைப் புத்தகமாக வெளியிட்டபோது தலைப்புக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்ந்துகொண்டது. 2010-இல் பின்லாந்தின் ஆர்ட்டெக் நிறுவனம் மாரியின் 'நாற்காலி 1'-ஐப் பலகை, ஆணி, வரைபடம் என்று ஒரே கட்டாக விற்கத் தொடங்கியது. நல்ல பலகைதான். ஆனாலும் அளவாக அறுத்தே வந்துவிட்டால் பாதிப் பாடம் போச்சே என்று எனக்கு ஆதங்கம். பழைய காலத்து மேசைகள் ஏலத்தில் போகிற விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

மாரியின் விதை நிஜமாக முளைத்த இடம் நான் வசிக்கிற ஊர் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இத்தாலியின் லாம்பெடூசா தீவு வழியாக வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் பெர்லினில் தவித்த மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள், 2014 வாக்கில் க்ராய்ஸ்பெர்க் பகுதியில் 'குகுலா' என்ற பட்டறையில் மாரியின் நாற்காலிகளைச் செய்தார்கள். வியாபாரிகளுக்குக் கூடாது என்று கறாராகச் சொன்ன அதே மாரி, செய்து விற்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தார். சில நாற்காலிகளில் லாம்பெடூசாவில் கிடந்த அகதிப் படகுகளின் மரத்துண்டுகளும் சேர்ந்தன. நீலச் சாயம் உரிந்த அந்தத் துண்டின்மேல் முதுகைச் சாய்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதே பெர்லினில்தான், லாவோஸில் பிறந்து அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக வந்த வான் போ லே-மென்ட்சல் 2010-இல் '24 யூரோ நாற்காலி' செய்தார். சமூக உதவித்தொகையில் வாழ்கிறவர்களும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் செய்தவர்களின் கதையைக் கேட்டார். நெதர்லாந்தின் 'ட்ரோக்' வடிவமைப்புக் கூட்டத்தார் 2000-இல் ஓர் இரும்புப் பெட்டியையும் சம்மட்டியையும் கொடுத்து, 'உன் நாற்காலியை நீயே அடித்து உருவாக்கிக்கொள்' என்றார்கள். மாரைன் வான் டெர் போல் என்பவரின் யோசனை. வேடிக்கைதான், கோபம் வந்தால் உதவும். ஆனால் அடித்து முடித்தபின் பெட்டி நசுங்கியிருக்கும், அதற்குமேல் நமக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முக்கோணத்துக்கு நான் விசுவாசி.

2020 அக்டோபரில் மிலான் ட்ரியன்னாலே அருங்காட்சியகத்தில் தன் பெரிய கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே கொரோனாவால் மாரி இறந்தார். மறுநாள் அவர் மனைவி, கலை விமர்சகர் லேயா வெர்ஜீனே. தன் ஆவணங்களை எல்லாம் மிலான் நகரத்துக்குக் கொடுத்த மாரி, பிறகு லண்டன் வரை வந்த இந்தக் கண்காட்சிக்குப் பின் 40 ஆண்டுகள் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார். என்ன பிடிவாதம்! வரைபடங்கள் மட்டும் நம்மிடம் இருக்கின்றன.

இப்போது மாடிக்காரர் தன் பேத்திக்குச் சின்ன பெஞ்சு வேண்டும் என்று வரைபடத்தை இரவல் வாங்கிப்போயிருக்கிறார், காலைக் குறைத்தால் சாய்வுச் சட்டத்தின் கோணம் மாறுமே என்று தினம் கதவைத் தட்டுகிறார். கோடையில் மாமனார் வருகிறார். கட்டிலைத் தான்தான் செய்வாராம், தலைமாட்டை நாலு விரல் உயர்த்தப்போகிறாராம், மாரி ஒன்றும் சொல்லமாட்டார் என்று அவரே முடிவு செய்துவிட்டார். பெர்லினில் நல்ல இழைப்புளி கிடைக்குமா, இல்லை தன்னுடையதையே கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறார். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.