சலுகையும் உரிமையும்: தண்டனை முடிந்தோரின் வேலைவாய்ப்பு

நீதிமன்றம் விதித்த தண்டனையை நிறைவேற்றிய பின்னரும் ஒருவருக்கு வேலை மறுக்கப்படுமாயின், அத்தண்டனை எப்பொழுதுதான் முடிவுறுகிறது? பேராக் மாநிலத் தமிழரின் வாழ்க்கைச் சூழலில் நின்று இவ்வினாவை ஆராய்வோம்.

சுங்கை சிப்புட், ஈப்போ வட்டார இரப்பர்த் தோட்டங்களில் கிராணியும் தண்டலும் ஆளை அறிந்தே வேலை கொடுத்தனர். அம்முறையில் அடக்குமுறை மிகுந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ஒருவரின் பழைய பிழையோடு அவரது பிந்திய உழைப்பும் அங்கு அறியப்பட்டிருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, வேலையோடு குடியிருப்பையும் இழந்தோர் நகரை நாடினர். அங்கு ஆளை அறியாதார் முன் வைக்கப்படுவது விண்ணப்பப் படிவமே. ‘குற்றத் தண்டனை பெற்றதுண்டா?’ என வினவும் படிவம், அதன்பின் ஒழுங்காகக் கழிந்த ஆண்டுகளை வினவுவதில்லை.

சட்டம் இவருக்குத் துணைநிற்கிறதா? அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சமயம், இனம், மரபுவழி, பிறப்பிடம், பால் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத் தடுக்கிறது. முன் தண்டனை அப்பட்டியலில் இல்லை. 2023 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், பாகுபாடு குறித்த பூசல்களை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு வழங்கியது. ஆயினும், அதன் 69எஃப் பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பூசலையே. வேலை கிடைக்காதவர் இன்னும் தொழிலாளியாகவில்லை. வாயிலிலேயே திருப்பப்பட்டவர் எப்பிரிவின்கீழ் முறையிடுவார்?

அரசு இச்சிக்கலை அறியாமலில்லை. முன்னாள் கைதிகளை, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஊதியத்தில் முழுநேரப் பணியில் அமர்த்தும் முதலாளிகளுக்கு, 2019 வரிவிதிப்பாண்டு முதல் கூடுதல் வரிக்கழிவு அளிக்கப்பட்டது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், இதனால் பயன்பெறும் உரிமை முதலாளிக்குரியது, விண்ணப்பித்தவருக்குரியதன்று. முதலாளி விரும்பினால் வேலை. விரும்பாவிடில் காரணம் கூறவும் வேண்டியதில்லை.

பிரிட்டன் 1974இலேயே வேறு வழி கண்டது. அந்நாட்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம், குறிப்பிட்ட காலம் கடந்தபின் பல தண்டனைகளைக் கழிந்தனவாகக் கொள்கிறது. கடுங்குற்றங்களுக்கும் சிறார் பராமரிப்பு போன்ற பணிகளுக்கும் அது விலக்கு வைத்துள்ளது. எனவே, பொதுமக்களின் பாதுகாப்பைக் காட்டி இத்தகைய சட்டத்தையே மறுப்பது பொருந்தாது. குற்றத்தின் தன்மை, கடந்த காலம், பணியின் இயல்பு ஆகிய மூன்றையும் சீர்தூக்கும் கடமையை முதலாளிக்கு விதிப்பதே முறை.

சலுகை தருவோரின் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ கேட்டுப் பெறத்தக்கது. தண்டனை முடிந்தவருக்கு வேண்டுவது பின்னதே என்பது நம் துணிபு.