வரி முடியும் இடம்: ரோசா பாலிஸ்த்ரேரியும் பலெர்மோவின் இன்றைய பாட்டுக்காரர்களும்

பலெர்மோவில் கிட்டாரை ஏந்தித் தம் பாடல்களைத் தாமே எழுதிப் பாடிவரும் இன்றைய தலைமுறையைப் பற்றி எழுதுவோர், அவர்களை உட்டி கத்ரியிடமும் பாப் டிலனிடமும் தொடங்கும் அமெரிக்க நாட்டார் மரபின் தொலைதூரக் கிளையாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். நாட்டார் பாட்டும் கன்ட்ரியும் புளூஸும் கலந்து உருவாகி, இன்று அமெரிக்கானா என்ற பெயரால் வழங்கும் பாணியின் சாயல் இவர்களிடம் இருப்பது உண்மைதான். 'இல் பான் தெல் தியாவோலோ' என்ற பலெர்மோ இருவர் குழு, கிட்டார்களையும் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மையும் முதன்மையாக வைத்துக்கொண்டு 2010இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்பவர் எவரும் இதை மறுக்க இயலாது. ஆயினும் இந்த நகரத்தின் பாட்டுக்காரர்களை உரைத்துப் பார்க்கும் உரைகல் அட்லாண்டிக்குக்கு அப்பால் இல்லை. அது 1990 செப்டம்பர் 20 அன்று இதே பலெர்மோவில் மறைந்த ரோசா பாலிஸ்த்ரேரியின் குரலில் இருக்கிறது. இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், ஒரு வரியை அவர் முடிக்கும் முறையில் இருக்கிறது.

ரோசாவின் வாழ்க்கை இத்தாலியில் போதிய அளவு சொல்லப்பட்டுவிட்டது. சில வேளைகளில் பாட்டை மறைக்கும் அளவுக்கே சொல்லப்பட்டுவிட்டது. 1927இல் சிசிலியின் தென்கரையில் உள்ள லிக்காத்தாவில் ஏழைத் தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்தது, பள்ளிக்குப் போகாமல் கூலி வேலை செய்தது, பதினாறு வயதில் விருப்பமில்லாத மணத்துக்கு ஆளானது, கணவரைத் தாக்கியதற்காகச் சிறை சென்றது, பலெர்மோவில் வீட்டு வேலைக்காரியாகவும் கோயில் காவலாளியாகவும் இருந்தது, பின்னர் புளோரன்சுக்குக் குடிபெயர்ந்து முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றது ஆகிய அனைத்தும் உண்மையே. ஆனால் துயரம் மட்டுமே ஒருவரைப் பாடகராக்கிவிடாது. அந்தத் துயரத்தையெல்லாம் பட்ட எண்ணற்ற பெண்கள் அதே தீவில் வாழ்ந்தனர். அவர்களுள் ரோசாவிடம் மட்டும் இருந்தது என்ன என்பதே ரசிகர் கேட்க வேண்டிய கேள்வி.

சிசிலி மொழியின் ஒலியமைப்பிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். அம்மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. அழுத்தமோ பொதுவாக இறுதிக்கு முந்தைய அசையில் விழுகிறது. அழுத்தம் பெறாத இறுதி உயிர் அ, இ, உ ஆகிய மூன்றுள் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பயிற்சி பெற்ற மேடைப் பாடகர் அந்த இறுதி உயிரைப் பிடித்து, நீட்டி, மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்து மெருகூட்டி முடிப்பார். ரோசா அப்படிச் செய்வதில்லை. முழு மூச்சையும் இறுதிக்கு முந்தைய அசையிலேயே செலவழித்து, அங்கேயே குரலை மேலும் கீழும் வளைத்துவிட்டு, கடைசி உயிரை ஏறக்குறைய தரையில் போட்டுவிடுகிறார். கேட்பவர் காதில் வரி முடிவதில்லை, அறுபடுகிறது. அறுபட்ட இடத்தில் எழும் மௌனத்தைக் கிட்டார் உடனே நிரப்புவதுமில்லை. அவர் அடுத்த மூச்சை எடுக்கும்வரை அதுவும் காத்திருக்கிறது. குரல் நெஞ்சிலிருந்து நேராக எழுகிறது; மேல் ஸ்தாயியில் அது தலைக்குள் ஒதுங்கி மென்மையாவதில்லை, கரகரப்போடு அப்படியே ஏறி, கூவலின் எல்லையில் நின்றுவிடுகிறது. கேட்க இனிமையாக இல்லை என்று சொல்வோர் உண்டு. இனிமை அந்தப் பாட்டின் நோக்கமே இல்லை என்பதுதான் அவர்களுக்குத் தரக்கூடிய விடை.

இந்த முறை ரோசாவின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. அவர் அதைத் தம் இரு பக்கமும் கேட்டிருந்தார். குதிரை வண்டியும் கோவேறு கழுதை வண்டியும் ஓட்டியவர்கள் இரவுப் பயணத்தில் பாடிய 'கர்ரெத்தியேரா' வகைப் பாட்டுக்குத் தாளக் கட்டு கிடையாது. உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும் அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரியும் பாடுபவரின் மூச்சளவே நீளும். நம் ஊரில் விருத்தம் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் போக்கு உடனே பிடிபட்டுவிடும். பலெர்மோவின் பல்லரோ, காப்போ, வுச்சிரியா ஆகிய சந்தைகளில் வியாபாரிகள் தம் சரக்கைக் கூவி விற்கும் 'அப்பன்னியாத்தா' என்னும் கூவலிலும் இதே அமைப்பு இருக்கிறது. தூரத்தில் இருப்பவரை எட்ட வேண்டிய சொல் நீள்கிறது. எட்டியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. பலெர்மோ இசைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த அல்பெர்தோ ஃபவாரா, ஒலிப்பதிவுக் கருவியின் துணையின்றிக் காதால் கேட்டே இத்தகைய பாட்டுகளையும் கூவல்களையும் சுரக்குறியில் எழுதிவைத்தார். 1923இல் அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1957இல், அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் ஒத்தாவியோ தீபி பதிப்பித்த இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

அமெரிக்கத் தொடர்பைப் பேச விரும்புவோர் பேச வேண்டியதும் இங்கேதான். உட்டி கத்ரியை 1940இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுசெய்த அதே ஆலன் லோமாக்ஸ், 1954 கோடையில் இத்தாலிய இசை ஆய்வாளர் தியேகோ கர்ப்பித்தெல்லாவோடு சிசிலி முழுவதும் அலைந்து, மீனவர், வண்டிக்காரர், உப்பளத் தொழிலாளர் ஆகியோரின் பாட்டுகளை நாடாவில் பதிந்தார். ஒரே மனிதரின் ஒலிவாங்கி இரு மரபுகளையும் கேட்டிருக்கிறது. எனவே ஒன்றை மூலமாகவும் மற்றொன்றை நகலாகவும் காண்பது பொருத்தமன்று. இரண்டும் ஒரே காலத்தில் ஏட்டுக்கும் நாடாவுக்கும் வந்துசேர்ந்த உடன்பிறப்புகள்.

எழுதிப் பாடும் கலை பலெர்மோவுக்குப் புதிதல்ல என்பதற்கு இன்னொரு சான்று கன்தாஸ்தோரியே. கதையின் காட்சிகளைக் கட்டம் கட்டமாகத் தீட்டிய திரையை ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தி, கோலால் ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டிக்காட்டிக் கிட்டாரோடு பாடும் கதைப்பாடகர்களுக்கு அது பெயர். நகரை அடுத்த பகேரியாவில் 1899இல் பிறந்த கவிஞர் இஞ்ஞாசியோ புத்தித்தா இவர்களுக்காகவே நெடும்பாடல்கள் எழுதினார். 1955இல் ஷாரா என்ற சிற்றூரில் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் சல்வத்தோரே கர்னெவாலேயைப் பற்றிய அவருடைய புலம்பலைக் கதைப்பாடகர் ச்சிச்சோ புசாக்கா சிற்றூர்ச் சதுக்கங்களில் பாடியபோது, செய்தித்தாள் வாசிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கொலையைப் பற்றி அறிந்தனர். புத்தித்தாவே பின்னர் ரோசாவுக்குத் துணையாக நின்றார். 1966இல் தாரியோ ஃபோ இயக்கிய நாட்டார் பாடல் மேடை நிகழ்வில் பங்கேற்ற ரோசா, 1970களின் தொடக்கத்தில் பலெர்மோவுக்கே திரும்பிவந்தார்.

புசாக்காவின் ரசிகர்களோடு இங்கே சிறிது முரண்பட வேண்டியிருக்கிறது. கதையை நடத்திச் செல்லும் ஆற்றலிலும், கூட்டத்தை ஒரு மணி நேரம் கட்டிப்போடும் வல்லமையிலும் புசாக்காவுக்கு இணையில்லை என்று அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அவருடைய கிட்டார் கதையை முன்தள்ளும் ஓட்டத்தில் இடைவிடாது ஒலிப்பதால், ஒரு வரியின் வலி அடுத்த வரியால் உடனே மூடப்பட்டுவிடுகிறது. ரோசாவிடம் அது திறந்தே கிடக்கிறது. சிறைப் பாடல்களை மட்டும் தொகுத்து அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்போர் இதை எளிதில் உணரலாம்: அந்தப் பாடல்களில் நிகழ்ச்சி என்று ஒன்றுமில்லை, சுவரும் தாயின் நினைவும் பழியுணர்வும் மட்டுமே இருக்கின்றன. கதை இல்லாத இடத்தில் கேட்பவரைத் தாங்கி நிற்பது அந்த அறுபடும் முடிவு மட்டுமே.

பல்லியம் என்னும் பெரும் இசைக்குழுவோடு ரோசாவின் பாடல்களை அமைப்பதை விரும்புவோருடனான முரண்பாடு இதைவிடக் கடுமையானது. கத்தானியாவில் பிறந்த எத்தா ஸ்கோல்லோ 2005இல் ரோசாவுக்குச் செலுத்திய இசை அஞ்சலி, மறந்துபோன பாடல்களை ஐரோப்பிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றது. அதற்கு நன்றி சொல்வதில் எவரும் தயங்கத் தேவையில்லை. எனினும் நரம்பிசைக் கருவிகள் இருபது முப்பது சேர்ந்து ஒலிக்கும்போது வரியின் முடிவில் வெற்றிடம் என்பதே இல்லாமல் போகிறது. வயலின்கள் அந்த இறுதி உயிரை ஏந்திக்கொண்டு அழகாக நீட்டிவிடுகின்றன. நல்ல எண்ணத்தோடும் தேர்ந்த கைகளாலும் செய்யப்பட்ட இழப்பு அது. அதே கத்தானியாவைச் சேர்ந்த செசாரே பசீலே எதிர்த்திசையில் சென்று, சிசிலி மொழியை மின்கிட்டாரின் கரடுமுரடான புளூஸோடு சேர்த்தபோது ரோசாவுக்குக் கூடுதலாகவே நெருங்கிவந்தார் என்பது கவனிக்கத்தக்கது. இசைக்கருவி பழையதா புதியதா என்பதில் எதுவும் இல்லை. அது பாட்டுக்கு இடம் விடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தரம் தாழ்ந்துவருவது பற்றிய கவலை இதனோடு சேர்ந்ததே. 1973இல் சான்ரெமோ பாடல் விழாவில் ரோசா பாடவிருந்த பாடல், முன்பே வெளியானது என்ற காரணத்தால் விலக்கப்பட்டது. அன்று அந்தப் பாடலுக்கு மேடை மறுக்கப்பட்டபோதும் அதற்குக் கேட்க ஆளிருந்தது. இன்று பலெர்மோவின் பழைய நகரத் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒலிபெருக்கி வைத்துப் பாடப்படும் நாட்டார் பாட்டுகளில், தம்புரெல்லோ என்னும் சலங்கை கோத்த தோல்கருவி ஒரே வேகத்தில் அடித்து நொறுக்க, எல்லாப் பாட்டும் துள்ளல் ஆட்டப் பாட்டாகவே மாறிவிடுகிறது. நம் மோர்சிங்கின் உறவினராகிய மர்ரன்சானோ, விசைத்தாளத்துக்கு மேல் ஒட்டப்பட்ட அலங்காரமாகச் சுருங்கிவிட்டது. அதன் ஒலி நுட்பமே, வாசிப்பவரின் வாய்க்குழி விரிந்து சுருங்குவதால் மேற்சுரங்கள் மாறிமாறிப் பிறப்பதில் இருக்கிறது. அதைக் கேட்க அமைதி வேண்டும். சந்தைகளிலும் கடைகளின் இடத்தை உணவு மேசைகள் பிடித்துக்கொள்ளக் கொள்ள, கூவி விற்போரின் எண்ணிக்கை குறைகிறது. கூவல் ஒலிக்காத ஊரில் வளரும் பாடகர் அந்த மூச்சை எங்கே கற்பார் என்ற கேள்வி எழாமலில்லை.

ஆயினும் கற்றவர்கள் இருக்கிறார்கள். 2015இல் 'ஸ்ஃபர்தோ' என்ற முதல் இசைத்தட்டோடு வந்த அலெஸ்ஸியோ போந்தி, பலெர்மோவின் பேச்சுமொழியிலேயே எழுதுகிறார். விரல்களால் தந்திகளை மாற்றிமாற்றி மீட்டும் அமெரிக்க, ஆங்கில நாட்டார் கிட்டார் முறை அவர் கையில் இயல்பாக இருக்கிறது. அந்த முறைக்கே உரிய இடரும் உடன் இருக்கிறது. கட்டை விரல் தாழ்ந்த தந்திகளில் நிறுத்தாமல் அடிக்கும் சீரான துடிப்பு, வரியைத் தன் தாள அளவுக்குள் வெட்டிப் பொருத்திவிடும். போந்தியின் நல்ல பாடல்களில் அந்தத் துடிப்பு வரியின் இறுதியில் தயங்குகிறது, சில இடங்களில் நின்றே விடுகிறது. 2018இல் வந்த 'நீவுரு'வில் ஆப்பிரிக்க, பிரேசில் தாளங்கள் நுழைந்தபின் அந்தத் தயக்கம் குறைந்தது. நடனத்துக்கு அது நல்லதாயிற்று என்போரின் ரசனையை மதித்துக்கொண்டே, முதல் இசைத்தட்டின் பக்கம் நிற்பதே நியாயம் என்று படுகிறது.

அருகிலுள்ள மிசில்மேரியைச் சேர்ந்த அந்தோனியோ தி மர்த்தினோவைப் பெரும்பாலோர் கோலாபெஷேயோடு சேர்ந்து 2021இல் சான்ரெமோவில் பாடிய வெற்றிப் பாடலால் அறிவர். அந்தப் பாடல் நயமானதே. ஆனால் அவருடைய ஆழத்தைக் காண விரும்புவோர், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு பலெர்மோவின் ஃபப்ரீத்சியோ கம்மராத்தாவோடு சேர்ந்து அவர் மெக்சிகோவுக்குச் சென்று பதிவுசெய்த 'உன் மோந்தோ ராரோ'வைக் கேட்க வேண்டும். கோஸ்தா ரீக்காவில் பிறந்து மெக்சிகோவின் குரலாக மாறிய சவேலா வர்காஸ், ஆரவார இசைக்குழுக்களோடு பாடப்பட்டுவந்த ராஞ்சேரா என்னும் மெக்சிகோ மக்கள் பாடல்களை, எக்காளமும் வயலினும் நீக்கிக் கிட்டாருக்கு மட்டும் இறக்கிப் பாடியவர். அவருக்கு இறுதிக் காலத்தில் வாசித்த இரு கிட்டார் கலைஞர்களையே துணையாகக் கொண்டு, அந்தப் பாடல்களை இத்தாலிய மொழியில் பாடியிருக்கிறார்கள் பலெர்மோவின் இந்த இருவரும். மற்ற வேளைகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் கம்மராத்தாவின் குரல் இயல்பில் மென்மையானது, உயரத்தில் மெலிந்து நடுங்கக்கூடியது. அங்கே மூத்த கிட்டார்கள் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பொறுத்து நிற்பதால், அந்தக் குரலும் வரியை நீட்டி அழகுபடுத்தாமல் விட்டுவிடக் கற்றுக்கொள்கிறது. ரோசாவின் பெயர் எங்கும் சொல்லப்படாத அந்த இசைத்தட்டில், அவர் வழியில் வந்தவர்கள் என்று பறைசாற்றிக்கொள்வோரின் பல தட்டுகளில் இருப்பதைவிட அவருடைய பாடம் தெளிவாகக் கேட்கிறது. அதே இருவர், அதே பொறுமையோடு, இரண்டு கிட்டார்களுக்கு மேல் எதையும் சேர்க்காமல் ரோசாவின் சிறைப் பாடல்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த இசையை நேசிப்போர் அவர்கள்முன் வைக்கக்கூடிய முறையான கோரிக்கை.