எள்ளெண்ணெய் குடித்த சினை

மடவை மீனின் சினையை நாம் குழம்பில் போட்டு அன்றைக்கே தின்று தீர்த்துவிடுவோம். தென்கொரியாவின் யோங்காம் வட்டாரத்தில் அதையே வாரக்கணக்கில் சீராட்டுகிறார்கள். பெயர் ஒரான். சினைப்பை கிழியாமல் எடுப்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது. ரத்தக் குழாய்களை நீக்கி, சோயா சாற்றில் ஊறவைத்து, பலகைகளுக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். பெரிய வேலையே அதற்கப்புறம்தான். நாள்தோறும் புரட்டிப் புரட்டிப் போட்டு, எள்ளெண்ணெயை மெல்லத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் நல்லெண்ணெயைவிட மணம் தூக்கல். அவசரப்பட்டால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். காயக் காயக் கருத்து மினுமினுக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் செம்பழுப்பாகத் தெரியும்.

சூடாக்கிய கத்தியால் தாள் கனத்தில் சீவுவார்கள். விலை அப்படி, தட்டில் சில சீவல்கள்தான் வரும். கடிக்காமல் நாக்கில் வைத்தால் முதலில் எண்ணெய் மணம், அடுத்து உப்பு, பல்லில் லேசாக ஒட்டும் பிசுக்கோடு கடைசியில் கடல். நாகசாகியின் கராசுமியும் மடவைச் சினைதான், ஆனால் உப்பிட்டு வெயிலில் காயவைத்தது; சுவை நேரடியாக முகத்தில் அடிக்கும். என் ஓட்டு ஒரானுக்கே.