தோற்கும் அணியும் அதன் இரசிகனும்

1957ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் முடிந்ததும் நியூயோர்க்கின் இரு பேஸ்போல் அணிகள் கலிபோர்ணியாவுக்குப் பெயர்ந்தன. அவ்வெறுமையில் 1962இல் தோன்றிய மெற்ஸ் அணி, முதலாண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் மக்கள் அதனை ஆரவாரித்து வரவேற்றனர். இம்முரணை 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் ஆராய்ந்தவர் ரொஜர் ஏஞ்சல். 1972இல் 'த சமர் கேம்' என்னும் நூலில் இடம்பெற்ற அவர்தம் கட்டுரைகளின் சிறப்பு, இரசிகர் நடுவே அமர்ந்து எழுதியமையாகும். வெற்றி சிலர்க்கே உரியது. தோல்வியோ யாவர்க்கும் பழகியது. எனவே, தோற்பவனுக்காக எழும் ஆரவாரம் தன்னை நோக்கிய குரலுமாகும் என்பது அவர் கண்ட உண்மை.

எனினும் இப்பரிவு மட்டும் போதுமா என்னும் வினா எழுகின்றது. மெற்ஸின் பலவீனம் விதியன்று. பிற அணிகளின் உடைமையாளர், தாம் விட்டுக்கொடுக்க இசைந்த ஆட்டக்காரரையே அதற்கு விலைக்கு அளித்தனர். இரசிகனின் சினம் முழுவதும் நகைப்பாய்க் கரைந்துவிடின், அத்தோல்விக்குக் காரணமான வணிக ஏற்பாடு விசாரணையின்றித் தப்பிவிடும். 1969இல் அதே அணி உலகத் தொடரை வென்றமை, தோல்வி மாற்றத்தக்கது என்பதற்குச் சான்று. இரசிகனின் அன்பு மெய்யாயின், சினமும் அதற்குரியதே.