கிளை விலக்கும் கம்பி

காட்டுப் பாதையில் அலையும் பழைய லேண்ட்ரோவர்கள் சிலவற்றில், முன் பம்பரின் இரு முனையிலிருந்தும் மேல் கேரியர் வரை எஃகுக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாழ்ந்து நிற்கும் கிளை கண்ணாடியில் அறையாமல் கம்பிமேல் சறுக்கி, கூரைக்கு மேலே போய்விடும். கம்பி தொய்ந்தால், அதை இறுக்கும் டர்ன்பக்கிளை இரண்டு திருகு திருகினால் போதும். என்ன சிக்கனமான யோசனை! வேகமெடுத்தால் காற்றில் ரீங்கரிக்கும் என்பார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

கதவை உரசும் முள்ளுக்குக் கம்பி உதவாது. அதற்கு பிபிஎஃப் இருக்கிறது: பெயிண்ட்மேல் ஒட்டும், சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம். மெல்லிய கீறல் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். சீமைக்கருவேல முள் ஆழமாக இழுத்தால் படலம் கிழியலாம்; அடியில் பெயிண்ட் பெரும்பாலும் தப்பிக்கும். ஒட்டும்போது மட்டும் தூசி ஆகாது. ஒரு மணல் துகள் மாட்டினாலும் கொப்புளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.