வாஷர் டேங்கில் ஒழுக்கு: பசையா, சால்டரிங் அயர்னா?

தூறல் பிடித்த சில நிமிடங்களில், முன்னே போகும் லாரியின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் கார் கண்ணாடியில் வந்து அறையும். வெறும் வைப்பரை ஓடவிட்டால் அது சேற்றைத் துடைக்காது, கண்ணாடி முழுக்கப் பூசிவிடும். எதிர்வரும் ஹெட்லைட் வெளிச்சம் அந்தப் பூச்சில் பட்டால் சாலையே தெரியாது. அப்போது கை தேடுவது வாஷர் பட்டனை. ஆகவே வாஷர் டேங்க் ஒழுகுவதை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒழுகும் டேங்கை அடைக்கக் கடையில் கிடைக்கும் பசைகளையும், எளிய 25 வாட் சால்டரிங் அயர்னையும் வைத்துச் செய்து பார்த்ததன் பலன் இது. ஆனால் எதையும் வாங்குமுன், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டேங்கை வாய்வரை நிரப்பி, கீழே ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பும்போது எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். டேங்கின் முழுக் கொள்ளளவும் பிடித்தால் ஒழுக்கு அடியில், அநேகமாகத் தண்ணீரை இறைக்கும் மோட்டார் பொருந்தியிருக்கும் இடத்தில். பாதிதான் பிடிக்கிறது என்றால் நடுப்பகுதியில் விரிசல். தண்ணீர் ஓட்டையின் மட்டம்வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். பட்டனை அழுத்தும்போது மட்டும் சொட்டினால் டேங்கைத் தொடவே வேண்டாம், குழாயையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள். இரவில் வெளியே நிற்கும் வண்டிகளில் எலி கடித்த குழாய் சர்வசாதாரணம்.

டேங்க் அடியில் ஒழுகினால் முதல் சந்தேகம் ரப்பர் கிரோமெட்மீது விழ வேண்டும். மோட்டார் டேங்குக்குள் திருகப்படுவதில்லை. ஒரு ரப்பர் வளையத்தில் அழுத்திச் செருகப்பட்டு நிற்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து அந்த ரப்பர் இறுகிப்போனால் தண்ணீர் கசியும். முன்சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனரின் கிளிப்புகளைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் பல கார்களில் பம்பரைக் கழற்றாமலே கை நுழையும். ஒயர் கனெக்டரைப் பிரித்துவிட்டு, மோட்டாரை அசைத்து அசைத்து இழுத்தால் வந்துவிடும். புது கிரோமெட்டைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் இந்த வகை ரப்பர் உப்பிவிடும். பழைய கிரோமெட்டைச் சுற்றி சிலிகான் அப்புகிற வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை மோட்டாரை எடுக்கும்போது பிசிறுகள் உள்ளே விழுந்து வடிகட்டியை அடைக்கும்.

இனி விரிசல். லேசான பம்பர் மோதல், அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட், வெயிலில் உறுதியிழந்த பிளாஸ்டிக் என்று காரணங்கள் பல. டேங்கின் அடியில் பிஇ அல்லது பிபி என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதலாவது பாலிஎதிலீன், இரண்டாவது பாலிபுரொப்பிலீன். இரண்டின் மேற்பரப்பிலும் சாதாரணப் பசை பிடிக்காது. உடனடிப் பசை காய்ந்ததும் நகத்தால் நெம்பினாலே பெயர்ந்தது. இரண்டைக் கலந்து பிசையும் எபாக்சி, பார்க்கக் கல்லாக இறுகியது. ஆனால் டேங்க் சற்று வளைந்தபோது, தோசைக்கல்லை விட்டு எழும் தோசைபோல முழுத்துண்டாகக் கழன்று வந்தது. குளூ கன் பசை பானட் சூட்டில் இளகிவிடுகிறது. மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் பிடிக்கும் என்பார்கள். தேய்த்தும் பார்த்தேன், பெயர்வதைச் சற்றுத் தள்ளிப்போட்டதே தவிர நிறுத்தவில்லை.

சால்டரிங் அயர்ன் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் நடந்துகொண்டது. டேங்கைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, உள்ளும் புறமும் நன்றாக உலர்த்த வேண்டும். கடையில் வாங்கிய வாஷர் திரவம் ஊற்றியிருந்தால் அதில் எரியக்கூடிய ஆல்கஹால் இருக்கலாம், ஆகவே கழுவுவதில் சிக்கனம் கூடாது. விரிசலின் இரு முனைகளிலும் சின்னத் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு சூடான முனையால் விரிசலின் இரு கரைகளையும் உருக்கி ஒன்றாகச் சேர்த்து, மேலே அதே பிளாஸ்டிக்கின் கீற்றை உருக்கி ஊட்ட வேண்டும். டேங்க் பாலிஎதிலீன் என்றால், முக்கோணத்துக்குள் 2 என்று அச்சிட்ட காலி ஆயில் கேனிலிருந்து கீற்று வெட்டிக்கொள்ளலாம். பாலிபுரொப்பிலீனுக்கு 5 என்ற எண் வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒட்டாது. நீளமான விரிசலுக்கு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத்துண்டை உள்ளே அமிழ்த்தினால் பலம் கூடும்.

குறையும் உண்டு. பாலிஎதிலீன் சுமார் 130 டிகிரியில் உருகும், பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி அளவில். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்னின் முனையோ 300 டிகிரியைத் தாண்டிப் போகும். ஒரே இடத்தில் வைத்திருந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகும், கருகிய இடம் மறுபடி உடையும். முனையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கூர்முனையைவிடத் தட்டைமுனை நல்லது. வெப்பத்தைக் குறைக்க முடிகிற அயர்ன் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தே வாங்கலாம். புகை நல்லதல்ல, மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் தானாக ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள். நான் உருக்கி ஒட்டிய டேங்க் மேடுபள்ளமான சாலைகளில் ஓடியும் சொட்டவில்லை.

மோட்டார் செருகும் துளையின் விளிம்பே பிளந்திருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். உருக்கினால் துளையின் வட்டம் கோணும், கிரோமெட் சரியாக உட்காராது. புது டேங்கின் விலை தயங்க வைத்தால், சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் தேடலாம். வாங்குமுன் அங்கேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

டேங்க் சரியானதும் போர் தண்ணீரை நிரப்பாதீர்கள். அதன் உப்பு, தெளிக்கும் நாசில்களின் நுண்துளைகளில் படிந்து அடைத்துவிடும். உப்பு நீக்கிய தண்ணீரே போதும். தண்ணீர் தீர்ந்தபிறகு பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதையும் தவிருங்கள். அந்தச் சின்ன மோட்டாரைக் குளிர்விப்பதும் அதற்கு வழுவழுப்புத் தருவதும் அதனூடே ஓடும் தண்ணீர்தான்.