மஞ்சள் கறையும் பற்றைக்காடும்

சாலிம் அலியை (1896–1987) நாம் பெரும்பாலும் பெருமைப் பட்டியலில் மட்டுமே வைத்திருக்கிறோம். 1985இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்ற அவரது தன்வரலாற்றை இலக்கியமாக வாசித்தோர் நம்மிடையே குறைவு.

நூலின் பெயர் அவர் சிறுவயதில் சுட்ட ஒரு குருவியிலிருந்து வந்தது. அதன் தொண்டையில் மஞ்சள் கறை. முஸ்லிம் பையன் இதை உண்ணலாமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் போகிறான். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புகிறார். ‘ஆகுமா?’ என்ற கேள்வி ‘இது என்ன?’ என்ற கேள்வியாக வளரும் இடமே நூலின் உயிர். சுட்ட கையை அவர் மறைக்கவுமில்லை.

இறக்காமத்தின் குளக்கட்டில் நின்று யோசித்தால் நமது குறை தெரிகிறது. நம் கவிதைகளில் பறவைகள் ஏராளம். அவை அகதியாக, சமாதானமாகச் சிறகடிக்கின்றன. ஆள்காட்டி, கௌதாரி என்று தம் பெயரோடு வருபவை அரிது.

சாலிம் அலியின் நூலிலும் ஒரு குறை உண்டு. அதில் பறவையைப் பார்ப்பவன் பேசுகிறான். மண்ணை உழுபவன் பேசுவதில்லை. நூல் வந்த மறுவருடம் நடந்தது இதற்கொரு பதில். 1900க்குப் பின் யாரும் பதிவுசெய்யாத ஜெர்டன் கோர்சர் என்னும் இரவுப்பறவை, 1986இல் ஆந்திராவின் கடப்பை மாவட்டப் பற்றைக்காட்டில் மீண்டும் அகப்பட்டது. கழக ஆய்வாளர் பாரத் பூஷண் தேடினார். பிடித்துக் காட்டியவர் உள்ளூர் மனிதர். அம்மக்கள் அதைக் ‘கலிவிக்கோடி’ என்பர். களாப்பற்றைக் கோழி என்று பொருள். அறிவியல் தொலைத்த பறவை கிராமத்தின் நாவில் இருந்தது. பின்னர் அதே காட்டைப் பயிர்நிலமும் தெலுங்கு கங்கைக் கால்வாயும் அரித்தன.

இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதல் இம்மாவட்டத்தில் காடு வயலாகிக்கொண்டே வந்திருக்கிறது. உழுத காணி காடென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு வழியடைபட்ட விவசாயிகளும் இங்குண்டு. ஆகவே பற்றைக்காட்டைக் காக்கச் சொல்லும் குரலை நம்மவர் சந்தேகிப்பதில் நியாயமிருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தால் பறவைகளின் பெயர்களையும் இழந்துவிடலாகாது.

காணிக்காக வாதிடும் விவசாயியே அப்பெயர்களை அறிந்தவர். அவரிடம் கேட்டு எழுதுவது நம் எழுத்தாளர் கடமை. பற்றை போன பின் கேட்பதில் பயனில்லை.